சேலத்து மேட்டுக்காட்டுக்கு எந்த ஃபோம் விங் பொருந்தும்? (எஃப்.பி.வி.)

#1 மேட்டுக்காடு

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஐந்து அங்குல குவாட்காப்டர் பறக்கவிட்டு வருகிறேன். ஒரு மின்கலத்துக்கு நான்கு நிமிடம் பறந்துவிட்டு நாற்பது நிமிடம் சார்ஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சலித்துவிட்டதால், வால் இல்லாத, இறக்கையே உடலான ஃபோம் விங் விமானம் ஒன்று வாங்கி எஃப்.பி.வி. முறையில் (விமானத்தின் கேமரா அனுப்பும் படத்தைக் கண்ணாடித் திரையில் பார்த்தபடி) நிதானமாகப் பறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கண்ணாடியும், ரிமோட்டும், அனலாக் கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் கையில் இருக்கின்றன.

பறக்கப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாரமங்கலம் பக்கம் மாமாவின் மேட்டுக்காடு மூன்று ஏக்கர் இருக்கிறது. மரவள்ளி பிடுங்கிய பிறகு இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. தரை செம்மண்ணும் சரளையும் கலந்தது. கிழக்கு வரப்பில் பனை வரிசை நிற்கிறது, மேற்கே ஓடை முழுக்கச் சீமைக்கருவேலம். இது தவிர மாதம் ஒருமுறை ஏற்காட்டில் நண்பர் வீட்டுக்குப் போவேன், அங்கும் பறக்க ஆசை.

820 மி.மீ. அகலமுள்ள ரெப்டைல் எஸ்800, 1000 மி.மீ. ஏ.ஆர். விங் புரோ, 1550 மி.மீ. எஃப்.எக்ஸ்-61 ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர், வாங்குவதே வாங்குகிறாய், 2120 மி.மீ. ஸ்கைவாக்கர் எக்ஸ்8 வாங்கிவிடு என்கிறார். எதை எடுப்பது?

#2 பழைய பால்சா

தம்பி, நான்கு பெயர்களைச் சொன்னீர்கள். நான்கையும் எங்கே இறக்குவீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. குவாட்காப்டர்காரர்கள் எல்லோரும் விட்டுவிடும் கேள்வி இதுதான். அது நின்ற இடத்திலேயே இறங்கும். விங் அப்படி இறங்காது.

சாதாரண விமானத்தின் மூக்கு கவிழாமல் வால் பிடித்துக்கொள்கிறது. வால் இல்லாத விங்கில் அந்த வேலையை இறக்கையே செய்ய வேண்டியிருப்பதால், அதன் பின் ஓரம் இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். வேகத்தைக் குறைப்பதற்காக நீங்கள் ரிமோட்டின் குச்சியை இழுக்கும்போது எலவான் (பின் ஓரத்தில் மேலும் கீழும் அசையும் மடல்) இரண்டும் இன்னும் மேலே எழும்பி, தூக்குவிசை மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே விங் வேகமாகவும் தட்டையாகவும்தான் இறங்க வரும். தரைக்கு ஒரு முழ உயரத்தில் மோட்டாரை நிறுத்திய பிறகும் போய்க்கொண்டே இருக்கும். தடையில்லாத அறுபது எழுபது மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் காட்டில் கிழக்கு மேற்காக எவ்வளவு நீளம் கிடைக்கும்? காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் மாதங்களில் பனை வரிசையைத் தாண்டித்தான் இறங்க வர வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

எக்ஸ்8 பற்றி ஒரே வரி. அது வரைபடம் எடுப்பவர்கள் பாரம் ஏற்றிப் பறக்கவிடும் விமானம். மின்கலம் ஏற்றினால் 2 கிலோவைத் தாண்டிவிடும். மூன்று ஏக்கரில் அதை இறக்கக் கற்றுக்கொள்வது பேருந்தை மாட்டுத் தொழுவத்தில் திருப்புவதற்கு ஒப்பாகும்.

#3 சூடான கம்பி

நான் கடையில் வாங்குவதைவிடப் பலகையாக வாங்கிச் சூட்டுக் கம்பியால் அறுத்து விங் செய்பவன். அதனால் அளவைப் பற்றிப் பேசும் முன் ஃபோமைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் சரளைத் தரையில் ஒரு விங்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

நம் ஊரில் தெர்மாகோல் என்று வழங்குவது ஈ.பி.எஸ். வகை. இலேசானது, மலிவானது, ஆனால் மூக்கு மோதினால் தேங்காய்ச் சில்லாய் உடையும். ஃபெவிகுவிக் ஒரு சொட்டு பட்டாலே கரைந்து குழி விழும். எஃப்.எக்ஸ்-61, எக்ஸ்8, 845 மி.மீ. விங் விங் இசட்-84 ஆகியவை ஈ.பி.ஓ. வகையால் வார்க்கப்பட்டவை. மேற்பரப்பு வழவழப்பானது, விறைப்பானது. இறக்கையின் வடிவம் அச்சு பிசகாமல் இருப்பதால் காற்றில் அழகாக வழுக்கிச் செல்லும். உடைந்தால் துண்டுகள் சுத்தமாகப் பிரியும், அதே ஃபெவிகுவிக் கொண்டு ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். ஆனால் நசுங்கிய இடம் நசுங்கியபடியே இருக்கும். எஸ்800, ஏ.ஆர். விங் புரோ இரண்டும் ஈ.பி.பி. வகை. கார் பம்பருக்கு உள்ளே அதிர்ச்சி தாங்குவதற்காக வைக்கிறார்களே, அதே பொருள்தான். கையால் மடக்கினால் மடங்கி மீண்டும் நிமிரும்.

ஈ.பி.பி.யின் குறையையும் மறைக்கக் கூடாது. அது தானாக விறைப்பாக நிற்காது. உள்ளே கார்பன் குழாய் சரியாக ஒட்டப்படாவிட்டால் வேகம் கூடும்போது இறக்கை நுனி துணிக்கொடியில் காயும் வேட்டியைப் போல் படபடக்கத் தொடங்கும், அந்தப் படபடப்பு எலவானுக்குத் தாவிவிட்டால் அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பல்சக்கரம் உரிந்துவிடும். ஃபெவிகுவிக் அதில் சரியாகப் பிடிக்காது. எல்லோரும் சூட்டுப் பசை போடுவார்கள். அது சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இளகிவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். போன ஆண்டு புதிய பேருந்து நிலையம் பக்கத்தில் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கறுப்பு வண்ணம் அடித்திருந்த விங்கின் ஒரு சர்வோ படுக்கையிலிருந்து கழன்று கிடந்தது, இடது எலவான் முறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் பறக்கவிட்டிருந்தால் வீசியவுடன் இடப்பக்கம் புரண்டிருக்கும். அன்றிலிருந்து மேற்புறம் வெள்ளை, அடிப்புறம் ஆரஞ்சு. கார்பன் குழாய்க்குத் தொடுபசை மட்டும்தான், சூட்டுப் பசை கம்பிகளைப் பிடித்து வைப்பதற்கு மட்டும்.

மேட்டுக்காடு நண்பருக்கு என் பரிந்துரை ஈ.பி.பி. முள் குத்தினால் துளை விழும், அவ்வளவுதான்.

#4 காப்பித் தோட்டம்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக்கு மேலே ஐந்து ஆண்டுகளாக விங் பறக்கவிடுகிறேன். இதில் பாதி நேரம் பறந்ததும் மீதி நேரம் சில்வர் ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்ததும் ஆகும். மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியை வைத்து ஆள் ஏறி இறக்கித் தந்த விங்குகளை நான் எண்ணுவதில்லை. ஏறுபவருக்குக் கொடுத்த கூலியை மட்டும் எண்ணி வைத்திருக்கிறேன்.

தம்பி மாதம் ஒருமுறை மலைக்கு வருவதாகச் சொன்னதால் சில செய்திகள். ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1500 மீட்டர், சேலம் நகரம் 280 மீட்டருக்குச் சற்றே குறைவு. இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் நம் காது அடைப்பதற்குக் காரணமான அதே காற்றழுத்த வேறுபாடு புரொப்பெல்லருக்கும் இறக்கைக்கும் தெரியும். கீழே செய்து வைத்த விங்கை மேலே வீசும்போது அது சற்றே சோம்பேறித்தனமாக எழும்பும்.

ஆனால் அடர்த்தியைவிடப் பெரிய சிக்கல் காற்றோட்டத்தின் வடிவம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மலை விளிம்பில் அம்மி மேலேயும் பறக்கும், கீழேயும் இறங்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சேலத்தைப் பார்த்த விளிம்பில் காற்று மலையில் மோதி மேலே ஏறும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கூட அந்த ஏற்றத்தில் மிதக்கலாம். அதே காற்று மேட்டைக் கடந்து பகோடா முனை இருக்கும் கிழக்குப் பக்கம் போகும்போது சுருண்டு கீழே விழும். விங் அந்தச் சுருளுக்குள் போனால் முழு மோட்டார் கொடுத்தாலும் கீழேதான் போகும். இது கண்ணாடிக்குள் தெரியாது. உயரம் காட்டும் எண் குறைந்துகொண்டே வருவது ஒன்றுதான் அறிகுறி.

இன்னொன்று, சுற்றுலாப் பயணிகள் நிற்கும் காட்சிமுனைகளின் மேல் பறக்கவே பறக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் விழுந்த விங்கைத் தேடி அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது. காட்டெருமை அங்கே தினமும் நடமாடுகிறது, அதற்கு எஃப்.பி.வி. என்றால் என்னவென்று தெரியாது.

#5 ஈயப்பற்று

மின்னணுப் பாடம் நடத்துபவன் என்பதால் எனக்குத் தராசும் கணக்கும்தான் துணை. காப்பித் தோட்டம் அக்கா சொன்ன சோம்பேறித்தனத்தை எண்ணாக எழுதிப் பார்க்கலாம்.

ஒரு மீட்டர் அகலமும் சராசரியாக 25 செ.மீ. பட்டையும் (இறக்கையின் முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரையுள்ள அளவு) உள்ள விங்கை எடுத்துக்கொள்வோம். பரப்பு 25 சதுர டெசிமீட்டர். மொத்த எடை 800 கிராம் என்றால் சதுர டெசிமீட்டருக்கு 32 கிராம் சுமை. வால் இல்லாத இறக்கையின் உச்சத் தூக்குக் கெழுவை 0.9 என்று எச்சரிக்கையாக வைத்துக்கொண்டால், 38 டிகிரி வெயிலில் சேலத்துக் காற்று கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிலோ அடர்த்தியாக இருக்கும்போது, அந்த விங் மணிக்கு 29 கி.மீ. வேகத்துக்குக் கீழே தூக்குவிசையை இழந்து சரியும். 25 டிகிரியில் ஏற்காட்டுக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1.0, அங்கே அதே விங் 30 கி.மீ. வேகத்தில் சரியும். ஆக மலை ஏறியதால் வந்த வேறுபாடு ஒரே ஒரு கிலோமீட்டர்.

இப்போது அதே விங்கில் பெரிய மின்கலம், கூடுதல் கேமரா, அதைத் தாங்க ஓர் அடைப்பு என்று 300 கிராம் ஏற்றுங்கள். 1100 கிராமில் சேலத்திலேயே 34 கி.மீ., ஏற்காட்டில் 35. எடையும் கூடியது, வேகமும் கூடியது. மோதும் ஆற்றல் எடையோடும் வேகத்தின் இருபடியோடும் பெருகும் என்பதால், 300 கிராம் சேர்த்ததற்குத் தரையில் செலுத்தும் விலை ஏறத்தாழ 1.9 மடங்கு. மலைக்கு எந்த விங், மண்ணுக்கு எந்த விங் என்று கேட்பதைவிட, எடுத்த விங்கை எத்தனை கிராமில் முடிப்பீர்கள் என்று கேட்பது பயனுள்ளது.

என் சொந்த ஒரு மீட்டர் ஈ.பி.பி. விங்கின் கணக்கைத் தருகிறேன். கார்பன் குழாயோடு சட்டகம் 340 கிராம், 2207 மோட்டார் 35, வேகக் கட்டுப்பாட்டுச் சாதனம் 25, உலோகப் பல்சக்கர சர்வோ இரண்டும் சேர்ந்து 27, பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையும் ஜி.பி.எஸ்.ஸும் 35, கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் 35, ரிசீவர் 5, புரொப்பெல்லர் 10, கம்பியும் பசையும் நாடாவும் 30, மின்கலம் 280. மொத்தம் 822. கம்பி, பசை, நாடா என்ற அந்த 30 கிராமை யாரும் எதிர்பார்ப்பதில்லை. என் மாணவர் ஒருவர் செய்த விங்கில் அது 110 கிராமாக இருந்தது.

#6 சூடான கம்பி

ஈயப்பற்று ஐயாவின் கணக்கை ஏற்கிறேன், ஆனால் அந்தக் கணக்கே எஃப்.எக்ஸ்-61 பக்கம் சாய்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. 1550 மி.மீ. அகலத்தில் பரப்பு மிகுதி. அதே கருவிகளையும் சற்றே பெரிய மோட்டாரையும் வைத்தால் சுமை குறைந்து மெதுவாக இறங்கும். வானத்தில் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். நான் முன்பு ஈ.பி.பி. என்று சொன்னது உண்மைதான், ஆனால் மெதுவாக இறங்கும் ஈ.பி.ஓ. விங், வேகமாக இறங்கும் ஈ.பி.பி. விங்கைவிட நீண்ட நாள் வாழக்கூடும் அல்லவா?

#7 பழைய பால்சா

வாழும், காலியாகப் பறந்தால். இடம் இருந்தால் மனிதன் அதை நிரப்பாமல் விட மாட்டான். அந்த வயிற்றுக்குள் பெரிய மின்கலம் நுழையும் என்று தெரிந்த மறுவாரமே அது நுழைந்துவிடும். ஒன்றரைக் கிலோவில் அது இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நானே ஏற்றியதுதான்.

இரண்டாவது, கையால் வீசுவது. ஒரு மீட்டர் விங்கைத் தனியாளாக மேற்புறம் பிடித்தோ அடிப்புறம் பிடித்தோ வீசிவிடலாம். ஒன்றரை மீட்டர் விங்கை, அதுவும் புரொப்பெல்லர் பின்னால் சுழலும்போது, ஒரு கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு சீராக வீசுவதற்குப் பழக்கம் வேண்டும். மூன்றாவது, பைக்கில் எடுத்துப் போவது. தம்பி கார் வைத்திருப்பதாகச் சொல்லவில்லை.

சிறிய 820 மி.மீ. விங்கையும் நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன். அது பைக்குள் அடங்கும், விளையாட்டாகப் பறக்கும். ஆனால் பரப்பு குறைவு என்பதால் ஐயா சொன்ன அந்த 30 கிராம் பிசகு அதில் பெரிதாகத் தெரியும், முந்நூறு மீட்டர் தொலைவில் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியில் படம் அற்றுப்போகும் நொடியில் வெறுங்கண்ணால் பிடித்துக்கொள்ள முடிகிற அளவு எனக்கு முக்கியம்.

#8 காப்பித் தோட்டம்

நானும் ஒரு மீட்டர் பக்கம்தான். சில்வர் ஓக் வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் விங்கை இறக்க எனக்குத் தைரியம் இல்லை. கிளையில் சிக்கினால் ஈ.பி.ஓ. கீறிக் கிழியும், ஈ.பி.பி. தொங்கிக்கொண்டிருக்கும்.

பருந்தைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். செம்பருந்து பெரும்பாலும் கூடவே வட்டமிட்டுவிட்டுப் போய்விடும். கரும்பருந்து கூடு வைத்திருக்கும் மாதங்களில் நேராக வந்து அடிக்கும். அது மேலிருந்து வந்தால் உயரம் ஏறித் தப்பிக்க முயலாமல் அந்த இடத்தை விட்டு நேராக விலகிப் போங்கள். பறவைக்கு அடிபடுவதைவிட நம் பறப்பைப் பாதியில் முடித்துக்கொள்வது மேல்.

#9 மேட்டுக்காடு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஒரு மீட்டர் ஈ.பி.பி. என்று மனம் ஒப்பிவிட்டது. கிழக்கு மேற்காக அளந்தேன், 140 மீட்டர் கிடைக்கிறது. பனை வரிசை கிழக்குக் கடைசியில்தான் இருக்கிறது. இப்போது மூன்று ஐயங்கள். என் ரிமோட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதுமா, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டுமா? மின்கலம் லிப்போவா (லித்தியம் பாலிமர்), உருளை வடிவ 18650 செல்களா? சி.ஜி. (எடை சமன்படும் புள்ளி) எங்கே என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சட்ட விவரத்தையும் யாராவது சொன்னால் நலம்.

#10 ஈயப்பற்று

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான விடை அதற்குள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகளின்படி பொழுதுபோக்குக்கான மாதிரி விமானத்தைக் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்குள்தான் பறக்கவிட வேண்டும். கண்ணாடி போட்டவர் கண்ணுக்கு விமானம் தெரியாது என்பதால், விங்கை விட்டுக் கண்ணை எடுக்காத துணையாள் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் பறக்காதீர்கள். பதிவு செய்து தனி அடையாள எண் பெறுவது பொதுவான கடமை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது குறு வகை. வணிக நோக்கமில்லாமல் அதைப் பறக்கவிட விமானிச் சான்றிதழ் தேவையில்லை. எக்ஸ்8 வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் 200 அடிதான். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரிலிருந்து மீண்டும் விமானங்கள் வந்து போகின்றன. உங்கள் மாமாவின் காடு எந்த வளையத்தில் விழுகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டு முதல் வீச்சு வீசுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து முழு டிரோன்களையும் பிரித்தெடுத்த தொகுப்புகளையும் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, உதிரி பாகங்களுக்கு இல்லை. ஆகவே பறக்கத் தயாரான வெளிநாட்டுத் தொகுப்பை வரவழைக்காமல், வெற்றுச் சட்டகத்தை உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதே தொல்லையில்லாதது.

கண்ணுக்கு எட்டும் தொலைவுக்குள் பறப்பதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து 915 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் வாங்காதீர்கள். நம் நாட்டில் அந்த அலைவரிசைக்கு அருகே கைப்பேசிகளின் போக்குவரத்து நடக்கிறது. இங்கே உரிமமில்லாமல் அனுமதிக்கப்பட்டது 865 மெகாஹெர்ட்ஸ் பகுதிதான், ரிமோட்டையும் ரிசீவரையும் இணைக்கும் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். மென்பொருளில் இந்தியாவுக்கென்றே 866 என்ற தெரிவும் இருக்கிறது. வீடியோவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றுகொள்ளுங்கள். 1.3 கிகாஹெர்ட்ஸ் வீடியோ உரிமமில்லாமல் பயன்படுத்தக் கூடியதும் அல்ல, ஜி.பி.எஸ்.ஸையும் குழப்பும்.

மின்கலத்துக்கு 18650 போன்ற லித்தியம் அயான் செல்கள் நல்லவை, ஆனால் செல்லின் மேல் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வீசும்போது மோட்டார் 15 முதல் 20 ஆம்பியர் வரை உறிஞ்சும். தொடர்ந்து 8 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய செல்லில் மின்னழுத்தம் அந்த நொடியில் சரிந்து, விங் எழும்பாமல் புல்லில் உட்கார்ந்துவிடும். 15 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய 3000 மில்லி ஆம்பியர்-மணி 18650 செல்கள் நான்கை வரிசையாக இணைத்தால் எடை ஏறத்தாழ 200 கிராம். நிதானமாகப் பறக்கும்போது 5 ஆம்பியர் எடுத்தால், எண்பது விழுக்காடு மட்டும் பயன்படுத்தினாலும் அரை மணி நேரம் கிடைக்கும். நான் வைத்திருப்பது 21700 செல்கள், அதனால்தான் 280 கிராம். மார்கழி விடியற்காலையில் ஏற்காட்டில் பறப்பதாக இருந்தால் மின்கலத்தைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

#11 பழைய பால்சா

சி.ஜி.யை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாட்டு வண்டி ஓட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்; வண்டி மெதுவாகப் போகும், ஆனால் போகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும், வண்டி குடைசாயும். விங்கில் முன்பாரம் இருந்தால் எலவானை மேலே தூக்கிவைத்துக்கொண்டு சிரமப்பட்டுப் பறக்கலாம். பின்பாரம் இருந்தால் வீசியவுடன் மூக்கைத் தூக்கி, நின்று, புரண்டு விழும். குச்சியை நீங்கள் எப்படி அசைத்தாலும் பயன் இராது.

கணக்கு இதோ. நடுவில் பட்டை 320 மி.மீ., நுனியில் 180 மி.மீ., மொத்த அகலம் 1000 மி.மீ., நுனியின் முன் ஓரம் நடுவின் முன் ஓரத்தைவிட 230 மி.மீ. பின்னே தள்ளியிருக்கிறது என்று வையுங்கள். இந்த இறக்கையின் சராசரிக் காற்றியக்கப் பட்டை 256 மி.மீ.; அது நடுக்கோட்டிலிருந்து 227 மி.மீ. வெளியே அமையும், அந்த இடத்தில் முன் ஓரம் 104 மி.மீ. பின்வாங்கியிருக்கும். அதில் கால் பங்கான 64 மி.மீ.யைச் சேர்த்தால் 168. இதுதான் தூக்குவிசை சமன்படும் புள்ளி. புதியவர்கள் பட்டையின் 8 விழுக்காடு, அதாவது 20 மி.மீ. முன்னே வைக்க வேண்டும். ஆக நடுவின் முன் ஓரத்திலிருந்து 148 மி.மீ. உங்கள் விங்கின் அளவுகள் வேறாக இருக்கும்; அளந்து இதே வழியில் போடுங்கள், தயாரிப்பாளர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் வேறுபட்டால் முதல் பறப்புக்கு முன்னே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்புறம் அந்தப் புள்ளிகளில் குண்டூசித் தலை இரண்டைப் பதித்து, இரு விரல்களில் தாங்கி நிறுத்திப் பார்க்கலாம். மின்கலத்தோடு, கேமராவோடு, மூடியோடு பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்த புத்திசாலிகளில் நானும் ஒருவன்.

வீசுவதற்கு முன் எலவான் இரண்டையும் ஒன்றிரண்டு மி.மீ. மேலே தூக்கி வையுங்கள். பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஐநாவ் மென்பொருளில் தானியங்கி வீச்சு என்று ஒன்று உண்டு. கையை விட்டு விங் முன்னே பாய்ந்ததை உணர்ந்த பிறகுதான் மோட்டார் சுழலத் தொடங்கும். அதைப் பயன்படுத்துங்கள். மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும் விங்கை வீசப் போய் என் நடுவிரலில் வாங்கிய மூன்று தையல்கள் ஆடி மாத ஈரக்காற்றில் இன்னும் வலிக்கின்றன.

#12 மேட்டுக்காடு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 1000 மி.மீ. ஈ.பி.பி. விங் எடுத்தேன். மின்கலத்தோடு 790 கிராமில் முடித்தேன், அதற்காக ஒளிர்விளக்குப் பட்டையையும் இரண்டாவது கேமராவையும் கையிலிருந்து கீழே வைக்க வேண்டியிருந்தது. சி.ஜி.யை நான் கணக்கிட்டதும் தயாரிப்பாளர் சொன்னதும் 6 மி.மீ. வேறுபட்டன, முன்னே இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று பறப்புகள் கண்ணாடி இல்லாமல். தம்பி துணைக்கு நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காற்றே இல்லாதபோது வீசினேன். சற்றே இடப்புறம் சாய்ந்து பிறகு நிமிர்ந்துகொண்டது. முதல் இறக்கத்தில், பழைய பால்சா ஐயா எச்சரித்தபடியே, காடு முடிந்தும் அது முடியவில்லை. ஓடைச் சீமைக்கருவேலத்துக்குள் போய் நின்றது. எடுத்துப் பார்த்தால் மூக்கில் ஏழு முள், உடைசல் ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை பனை வரிசைக்கு மேலே அல்லாமல் தெற்குப் பக்கமிருந்து சுற்றி வந்து, நீளத்தின் தொடக்கத்திலேயே மோட்டாரை நிறுத்தினேன். காட்டின் நடுவில் வயிற்றால் வழுக்கி நின்றது.

நான்காவது பறப்பில் கண்ணாடி போட்டேன். எலவான் சற்று மிகையாகத் தூக்கியிருந்ததால் மேலும் கீழுமாக அலைந்தது. ஒரு மி.மீ. குறைத்ததும் அமைதியானது. கஞ்சமலை முழுசாகத் தெரிந்தது. இருபத்தாறு நிமிடம்.

ஓடைக்குள் போனபோது வலப்பக்க இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் தகடு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. தம்பியும் நானும் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. பழைய கோப்பு அட்டையை அதே அளவில் வெட்டி ஒட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் ஏற்காடு போகலாமா?

#13 காப்பித் தோட்டம்

காற்று அமைதியாக இருக்கும் காலை நேரம் என்றால் வாருங்கள். பழைய காப்பிக் களத்துக்குப் பக்கத்தில் மரமில்லாத சரிவு ஒன்று இருக்கிறது. ஏணி எங்களிடம் உண்டு.

#14 ஈயப்பற்று

அந்தக் கோப்பு அட்டைத் தகட்டின் எடை என்ன? மறுபக்கத்துத் தகட்டையும் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.